டெக்சாஸில் ஒரு சாமந்தி

அமெரிக்கப் பள்ளிகளில் சீருடை கிடையாது என்பது முக்கால் உண்மை. அங்கே ஏறத்தாழ ஐந்தில் ஒரு அரசுப் பள்ளியில் சீருடை உண்டு. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை சின்னக் குழந்தைகள் படிக்கும் பள்ளிகள். ஒன்பதாம் வகுப்பில் தொடங்கும் ஹைஸ்கூலுக்குள் நுழைந்துவிட்டால் யார் என்ன உடுத்துவது என்பதைச் சக மாணவர்கள் முடிவு செய்கிறார்கள். அவர்கள் அளவுக்குக் கறாரான தலைமையாசிரியர் இன்னும் பிறக்கவில்லை.

இது என் கண்டுபிடிப்பு அல்ல. டல்லாஸுக்கு வடக்கே ஃப்ரிஸ்கோ என்ற ஊரில் அப்போது பதினோராம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த என் அக்கா மகள் சொன்னது. 2024இல் அக்காவுக்கு ஓர் அறுவை சிகிச்சை. சமையலுக்கும் துணைக்குமாக செப்டம்பர் முதல் நவம்பர் வரை அவர்கள் வீட்டில் இருந்தேன். டெல்லியில் பகல் முழுவதும் ஆங்கிலச் செய்தியைத் தமிழாக்குவது என் பிழைப்பு. அமெரிக்க ஹைஸ்கூல் என்பது எனக்கு அதுவரை சினிமாவும், மொழிபெயர்க்க முடியாத சில சொற்களும்தான். 'ப்ராம்', 'ஜாக்', 'கூல்'. இதில் 'கூல்' என்பதை இருபது வருடமாக ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு மாதிரி எழுதிச் சமாளித்திருக்கிறேன்.

இவளைப் பற்றி எழுதலாமா என்று கேட்டபோது இரண்டு நிபந்தனை விதித்தாள். பெயர் வரக் கூடாது. 'பாவம் இந்தியப் பெண்' என்ற தொனி வரக் கூடாது. இரண்டுக்கும் சம்மதித்தேன்.

அமெரிக்காவில் வேகமாக வளர்ந்த ஊர்களில் ஃப்ரிஸ்கோவும் ஒன்று. 2000ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 33 ஆயிரம் பேர். 2020இல் 2 லட்சம். வந்து சேர்ந்தவர்களில் தெலுங்கரும் தமிழரும் ஏராளம். காலையில் நடக்கப் போனால் எதிரே வரும் மாமாக்கள் 'எந்த ஊர்ம்மா?' என்று தமிழிலேயே கேட்கிறார்கள். ஆகவே இவள் பள்ளியில் ஒற்றைப் பழுப்பு முகம் அல்ல. அந்தக் காலத்துப் புலம்பெயர்ந்தோர் கதைகளில் வரும் தனிமை இவளுக்கு இல்லை. இவளுடைய சிக்கல் வேறு. அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் உடை. வெளியே 36 டிகிரி வெயில். இவள் தொடை வரை தொங்கும் ஹூடியை மாட்டிக்கொண்டு கிளம்புகிறாள். 'வேகாதா?' என்றேன். 'ஸ்கூல் உள்ளே அண்டார்டிகா, சித்தி' என்றாள். ஏ.சி. ஒரு காரணம்தான். உடம்பின் வடிவத்தை யாரும் எடை போடாமல் இருக்க ஹூடியைப் போன்ற பாதுகாப்பு வேறில்லை என்பதைப் பல நாள் கழித்துச் சொன்னாள். அதற்குக் கீழே மூன்று பேர் நுழையலாம் போன்ற தொளதொளப்பான ஜீன்ஸ், வெள்ளை நைக்கி ஷூ. கொண்டை, அவசரத்தில் அள்ளி முடிந்தது போல இருக்க வேண்டும். அதை அப்படி அவசரமாக முடிய அவளுக்கு நாற்பது நிமிடம் பிடிக்கிறது. மெனக்கெட்டது தெரிந்தால் மதிப்பு போய்விடும். 'யாரும் பார்க்க மாட்டாங்க சித்தி. ஆனா எல்லாரும் கவனிப்பாங்க.' இதைவிடச் சுருக்கமாக ஃபேஷனுக்கு நான் இலக்கணம் படித்ததில்லை.

எது எப்போது செல்லாக்காசு ஆகும் என்பதையும் கண்காணித்துக்கொண்டே இருக்க வேண்டும். 1913 முதல் தொழிலாளர்களுக்கு ஃப்ளாஸ்க் விற்று வந்த ஸ்டான்லி கம்பெனியின் ஒன்றேகால் லிட்டர் குவளைக்காக 2024 ஜனவரியில் அமெரிக்கக் கடைகளில் தள்ளுமுள்ளு நடந்தது. விலை 45 டாலர். நான் போய்ச் சேர்ந்த செப்டம்பரில் அது அக்கா வீட்டுப் பாத்திர அலமாரியின் மேல்தட்டுக்குப் போய்விட்டிருந்தது. 'அது சிக்ஸ்த் கிரேடர்ஸ் வெச்சுக்கிறது' என்றாள். அக்கா அதில் ரவை கொட்டி வைத்திருக்கிறாள்.

ப்ரான்டி மெல்வில் என்று ஒரு கடை. அங்கே பெரும்பாலான உடைகள் ஒரே அளவில்தான். அந்த அளவுக்குள் நுழைய முடிந்தவள் நுழையலாம். முடியாதவள் வெளியே நின்று தோழிக்குக் காத்திருக்கலாம். கடைக்காரர்கள் யாரையும் தடுப்பதில்லை. துணியே அந்த வேலையைப் பார்த்துக்கொள்கிறது. இதற்கு எதிர்ப்புறம் 'குட்வில்' என்னும் தர்மக் கடை. அடுத்தவர் போட்டுக் கழித்த உடைகள். வசதியான வீட்டுப் பிள்ளைகள் அங்கே போய் 1990களின் கட்டம்போட்ட சட்டையைத் தேடிப் பிடித்துப் பெருமையாகப் போட்டுக்கொள்கிறார்கள். வசதி இல்லாதவர்களும் அங்கேதான் வாங்குகிறார்கள்; பெருமையாகச் சொல்வதில்லை. ஒரே கடை, ஒரே சட்டை.

இந்தக் கூத்து இன்றைக்கு நேற்று வந்ததல்ல. 1920களில் இந்தியானா மாநிலத்து மன்சி என்ற சிற்றூரை ஆராய்ந்த ராபர்ட் லிண்ட், ஹெலன் லிண்ட் தம்பதி 1929இல் வெளியிட்ட 'மிடில்டவுன்' நூலிலேயே தாய்மார்களின் அங்கலாய்ப்பு பதிவாகியிருக்கிறது. விருந்துக்கு உடுத்த வேண்டியதை இந்தப் பெண்கள் பள்ளிக்கு உடுத்துகிறார்களே, பட்டுக் காலுறை இல்லாமல் படியிறங்க மாட்டேன் என்கிறார்களே என்று. அக்காவிடம் இதைச் சொன்னபோது ரொம்ப ஆறுதலாக இருந்தது என்றாள்.

காரணத்தைத் தேடினால் அது துணிக்கடையில் இல்லை, வருகைப் பதிவேட்டில் இருக்கிறது. 1910இல் அமெரிக்க இளைஞர்களில் பத்தில் ஒருவர்கூட ஹைஸ்கூலை முடிக்கவில்லை. பதினாலு வயதில் வயலுக்கோ ஆலைக்கோ கடைக்கோ போனார்கள். பெரியவர்கள் நடுவே வேலை செய்தார்கள். பெரியவர்களைப் போல உடுத்தினார்கள். 1940இல் ஏறத்தாழ பாதிப் பேர் முடித்தார்கள். 1930களின் பொருளாதார வீழ்ச்சியில் வேலை கிடைக்காததும் இதற்கு ஒரு காரணம். விளைவு, ஒரே வயதுள்ள ஆயிரம் பேரை நாலு வருடம் ஒரே கட்டடத்தில் அடைத்தாகிவிட்டது. அப்பன் ஆயி அபிப்பிராயத்தைவிட அடுத்த பெஞ்சின் அபிப்பிராயம் முக்கியமாகிவிட்டது. 'டீன்ஏஜர்' என்ற சொல் பரவலானது அந்த 1940களில்தான். அந்த வயதுப் பெண்களுக்கென்றே 'செவன்டீன்' பத்திரிகை 1944 செப்டம்பரில் வந்தது. சந்தை எப்போதுமே சொல்லுக்கு ஓரடி முன்னால் நிற்கும்.

தமிழ் எம்.ஏ. படித்தவள் இங்கே ஒரு வார்த்தை சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும். நம்மவர்கள் பெண்ணின் பருவத்தை ஏழாகப் பிரித்தார்கள். பதினாலு முதல் பத்தொன்பது வரை மடந்தை. கிட்டத்தட்ட டீன்ஏஜ்தான். இருபதிலிருந்து அரிவை. நாற்பதில் பேரிளம்பெண்ணோடு பட்டியல் முடிகிறது. அதற்கு மேற்பட்ட என் போன்றவர்களுக்குப் புலவர்கள் பெயரே வைக்கவில்லை. அக்கா மகளுக்கு இந்தப் பட்டியல் ரொம்பப் பிடித்துவிட்டது. 'நான் மடந்தைன்னா ரூல்ஸ் என்ன?' என்று கேட்டாள். உலா பார்க்க வருவதும் காதலில் இளைப்பதும்தான் என்றேன். 'ஹோம்வொர்க் இல்லையா?' என்றாள்.

பள்ளிக்குள் என்னால் போக முடியவில்லை. அடையாள அட்டையை ஸ்கேன் செய்து, காரணம் சொல்லி, முன் அலுவலகம் வரைதான். ஆகவே மதிய உணவுக் கூடத்தின் வரைபடத்தை ஒரு பேப்பர் நாப்கினில் போட்டுக் காட்டினாள். ஜன்னலோரம் ஃபுட்பால் ஆட்டக்காரர்கள். அவர்களுக்குப் பக்கத்தில் சியர்லீடர்கள் என்று எழுதுவாள் என்று எதிர்பார்த்தேன்; சினிமாப் புத்தி. சியர் பெண்கள் தனி மேஜையாம். பேண்ட் வாத்தியக் குழு, நாடகக் குழு, சர்ச் பிள்ளைகள், கொரியப் பாடல் ரசிகர்கள். தேசி மேஜைகளே மூன்று. அங்கேயே பிறந்தவர்கள் ஒன்று, சமீபத்தில் வந்திறங்கியவர்கள் ஒன்று, பரதநாட்டியமும் விவாதப் போட்டியும் கல்லூரி விண்ணப்பமுமாக ஓடிக்கொண்டிருப்பவர்கள் ஒன்று. மேஜையைச் சொன்னால் உடையைச் சொல்லிவிடலாம், உடையைச் சொன்னால் மேஜையை. நிலத்தைச் சொன்னால் ஒழுக்கம் தெரிந்துவிடும் அகப்பாட்டு மாதிரிதான்.

பெனலோப் எக்கர்ட் என்ற மொழியியலாளர் 1980களின் தொடக்கத்தில் டெட்ராய்ட் புறநகர்ப் பள்ளி ஒன்றில் இதைப் பார்த்தே ஆராய்ச்சி செய்தார். பள்ளியோடு ஒட்டி உறவாடும் 'ஜாக்'குகள் ஒரு பக்கம், பள்ளிக்கு முதுகு காட்டும் 'பர்ன்அவுட்'கள் மறுபக்கம். மாணவர்கள் போட்டிருந்த பேன்ட்டின் அடிப்பக்க அகலம்கூட அவர்கள் எந்த மூலையில் நிற்கிறார்கள் என்பதைப் பொறுத்து மாறியது. அதைவிட வியப்பு, அவர்களுடைய உயிரெழுத்து உச்சரிப்பும் மாறியது. வருங்காலத்தில் ஆலையில் வேலை பார்க்கப் போகிறவர் யார், கல்லூரிக்குப் போகிறவர் யார் என்பது பேன்ட்டிலும் நாக்கிலும் முன்கூட்டியே எழுதியிருந்தது. அந்த நூல் 1989இல் வந்தது. இன்று பேன்ட் எல்லோருக்கும் ஒரே தொளதொளப்பு. பெயர்கள் மட்டும் மாறியிருக்கின்றன.

சட்டம் சும்மா இருக்குமா? உடை என்பது பேச்சு என்று அமெரிக்க உச்ச நீதிமன்றமே ஒத்துக்கொண்ட ஒரு வழக்கு உண்டு. 1965 டிசம்பரில் அயோவா மாநிலத்து டெமாய்ன் நகரில் வியட்நாம் போரை எதிர்த்துச் சில மாணவர்கள் கையில் கறுப்புப் பட்டி கட்டிப் பள்ளிக்குப் போனார்கள். அவர்களில் மேரி பெத் டிங்கருக்கு வயது 13. சஸ்பெண்ட் செய்தார்கள். 1969 பிப்ரவரியில் ஏழு நீதிபதிகள் அந்தப் பிள்ளைகள் பக்கமும் இரண்டு பேர் எதிராகவும் தீர்ப்பளித்தார்கள். பள்ளி வாசலில் நுழைந்தாலும் பேச்சுரிமை கூடவே வரும் என்பது சாரம்.

ஆனால் கறுப்புப் பட்டிக்குக் கிடைத்த சுதந்திரம் தலைமுடிக்குக் கிடைக்கவில்லை. ஹூஸ்டனுக்குக் கிழக்கே மான்ட் பெல்வியூ என்ற ஊரில் 2023 ஆகஸ்ட் கடைசியில் ஒரு கறுப்பின மாணவரை வகுப்பிலிருந்து பிரித்துத் தனி அறையில் உட்கார வைத்தார்கள். பல புரியாகத் திரித்து உச்சியில் கட்டியிருந்த அவருடைய முடி, அவிழ்த்துவிட்டால் ஆண் பிள்ளைக்கு அனுமதித்த நீளத்தைத் தாண்டும் என்பது குற்றம். முடியின் அமைப்பைக் காட்டி இனப்பாகுபாடு செய்யக் கூடாது என்ற 'க்ரௌன்' சட்டம் டெக்சாஸில் அமலுக்கு வந்தது அடுத்த நாள், செப்டம்பர் 1. அந்தச் சட்டம் முடியின் வகையைத்தான் காக்கிறது, நீளத்தை அல்ல என்று 2024 பிப்ரவரியில் நீதிபதி பள்ளிக்குச் சாதகமாகச் சொல்லிவிட்டார். எனக்கு இந்தத் தீர்ப்பு இன்றுவரை செரிக்கவில்லை. நீளமில்லாமல் அந்தப் பின்னல் எப்படி வரும்?

பெண்களின் பாடு இன்னொரு விதம். கையைத் தொங்கப் போட்டால் விரல் நுனி எங்கே முடிகிறதோ அதற்குக் கீழேதான் ட்ரவுசர் முடிய வேண்டும் என்று பல பள்ளிகளில் விதி. கை நீளமானவள் பாவம் செய்தவள். தோள் தெரியக் கூடாது, வயிறு தெரியக் கூடாது. அமெரிக்க அரசின் தணிக்கை அலுவலகம் 2022இல் கணக்கெடுத்ததில், பெண் பிள்ளைகள் வழக்கமாக அணியும் உடைகளைத் தடை செய்யும் விதிகள் 90 சதவீதமும் ஆண் பிள்ளைகளுடையதைத் தடை செய்பவை 69 சதவீதமுமாக இருந்தன. நம்மூர்ப் பள்ளிகளில் துப்பட்டாவை இரண்டு பக்கமும் பின் குத்தச் சொல்லும் ஆசிரியைகள் இதைக் கேட்டால் சந்தோஷப்படுவார்கள்.

துப்பட்டா என்றதும் ஞாபகம் வருகிறது. 2024இல் அந்த மெல்லிய நீளத் துணியைக் கழுத்தில் போட்டுப் பின்னால் தொங்கவிடுவது 'ஸ்காண்டினேவிய ஸ்கார்ஃப்' என்ற பெயரில் சமூக ஊடகங்களில் சுற்றியது. அக்கா மகள் கொதித்துப் போயிருந்தாள். இவள் நாலாம் வகுப்பு படிக்கும்போது 'உன் தலை என்ன வாசனை?' என்று யாரோ கேட்டதிலிருந்து தேங்காய் எண்ணெய் வெள்ளி இரவுக்கு மட்டும் என்று வீட்டில் சட்டம். அதே தலைக்கு எண்ணெய் வைப்பதை இப்போது வகுப்பில் பொன்னிறக் கூந்தல்காரிகள் இவளுக்கே சொல்லித் தருகிறார்களாம். 'சிரிச்சுக்கிட்டே கேட்டுக்கிட்டேன்' என்றாள்.

பயமும் உடைக்குள் புகுந்துவிட்டது. 1999 ஏப்ரல் 20 அன்று கொலராடோவின் கொலம்பைன் ஹைஸ்கூலில் இரண்டு மாணவர்கள் பதின்மூன்று பேரைச் சுட்டுக் கொன்றபின் நாடெங்கும் பல பள்ளிகள் நீளமான கறுப்புக் கோட்டைத் தடை செய்தன. 2022 மே மாதம் டெக்சாஸின் யுவால்டேயில் 19 குழந்தைகளும் இரண்டு ஆசிரியைகளும் கொல்லப்பட்ட பிறகு, டல்லாஸ் நகரப் பள்ளிகளில் ஆறாம் வகுப்பு முதல் எல்லோரும் உள்ளே இருப்பது தெரியும்படியான பையைத்தான் சுமக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. சானிட்டரி நாப்கினை எங்கே வைப்பது என்று பெண்கள் கேட்டதற்கு, ஒரு சின்னப் பர்ஸ் மட்டும் மறைவாக இருக்கலாம் என்றார்கள். இவள் பள்ளியில் அந்தக் கட்டாயம் இல்லை. ஆனால் துப்பாக்கிக்காரன் வந்தால் கதவைத் தாளிட்டு இருட்டில் உட்காரும் ஒத்திகை உண்டு. க்ராக்ஸ் செருப்பின் பின்வாரை மேலே தூக்கிவிட்டுக்கொள்வதற்குப் பிள்ளைகள் வைத்திருக்கும் பெயர் 'ஸ்போர்ட் மோட்'. ஒத்திகை மணி அடித்ததும் எல்லோரும் குனிந்து வாரை மாட்டுகிறார்களாம். இதைச் சொல்லிச் சிரித்தாள். அக்கா எழுந்து அடுப்பங்கரைக்குப் போய்விட்டாள்.

இனி முதலில் சொன்ன சிக்கல்.

அமெரிக்க டீன்ஏஜரின் உடைக்குப் பணம் எங்கிருந்து வருகிறது? கணிசமான பங்கு அவர்களே சம்பாதிப்பது. பதினாறு வயதாகிவிட்டால் மத்தியச் சட்டப்படி வேலை நேரத்துக்கு உச்சவரம்பு இல்லை. டெக்சாஸில் குறைந்தபட்சக் கூலி, மத்திய அரசு 2009இல் நிர்ணயித்த 7 டாலர் 25 சென்ட். கடைகள் அதற்கு மேலேயே தருகின்றன. ஐஸ்கிரீம் கரண்டி பிடிப்பது, பர்கர் மடிப்பது, நீச்சல் குளத்தில் உயிர்காப்பாளராக உட்காருவது. டாக்டர் வீட்டுப் பிள்ளையும் போகிறான், தச்சர் வீட்டுப் பிள்ளையும் போகிறான். முதல் சம்பளக் காசில் வாங்கிய ஷூவுக்கு ஒரு தனி மரியாதை. இவளுடைய நெருங்கிய தோழி, கன்னத்தில் செம்புள்ளிகள் நிறைந்த டெக்சாஸ்காரி, வாரம் பதினைந்து மணி நேரம் ஓர் ஐஸ்கிரீம் கடையில் நிற்கிறாள். 'இங்கே ஆள் எடுக்கிறார்கள், நீயும் வா' என்று இவளை ஆறு மாதமாக அழைத்துக்கொண்டிருந்தாள்.

இவளால் போக முடியாது. அத்தான் இருப்பது எச்-1பி விசாவில். இவள் அவருடைய குழந்தை என்ற முறையில் எச்-4. நாலு வயதில், 2012இல் போனவள். படிக்கலாம், கார் ஓட்டலாம், சம்பளம் வாங்கக் கூடாது. சோஷியல் செக்யூரிட்டி எண் கிடையாது. அத்தானின் கிரீன் கார்டு விண்ணப்பம் 2016ஆம் ஆண்டுத் தேதியில் வரிசையில் நிற்கிறது. எந்த ஒரு நாட்டுக்கும் ஆண்டு ஒதுக்கீட்டில் 7 சதவீதத்துக்கு மேல் பொதுவாகக் கிடையாது என்ற விதியால் இந்தியர்களின் வரிசை நீண்டுகொண்டே போகிறது. நான் அங்கிருந்தபோது அவருடைய பிரிவில் 2012ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் விண்ணப்பித்தவர்களைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். இவளுக்கு 21 வயது ஆவது 2029இல். அதற்குள் முறை வராவிட்டால் சட்டத்தின் கண்ணில் குழந்தை அல்ல, வரிசையிலிருந்து விழுந்துவிடுவாள். படிப்பதற்கான விசாவுக்கு மாற வேண்டும், இல்லையென்றால் கிளம்ப வேண்டும். நம் புலவர்களின் கணக்கில் மடந்தை பத்தொன்பதில் முடிகிறாள். அமெரிக்கா இரண்டு வருடம் கூடுதலாகத் தருகிறது.

பத்து வயதுத் தம்பி அங்கேயே பிறந்தவன், அமெரிக்கக் குடிமகன். ஆறு வருடத்தில் அவன் அதே ஐஸ்கிரீம் கடையில் நிற்கலாம்.

தோழியிடம் இவள் சொல்லியிருந்த காரணம்: 'மை மாம் இஸ் ஸோ ஸ்ட்ரிக்ட்.' அம்மா விடமாட்டார், படி படி என்று உயிரை வாங்குகிறார். வகுப்பு முழுவதும் என் அக்கா ஒரு ராட்சசி என்று பரவியிருந்தது. பாரிமுனையில் கல்லூரிக்கு மட்டம் போட்டுவிட்டு மேட்னி ஷோவுக்கு என்னை இழுத்துப் போன அக்கா.

எனக்கு இது தெரிய வந்தது ஒரு சாமந்திப் பூவால். இலையுதிர் காலத்தில் ஒவ்வொரு ஹைஸ்கூலிலும் 'ஹோம்கமிங்' நடக்கிறது. பழைய மாணவர்கள் பள்ளிக்குத் திரும்பி வரும் வாரம். வெள்ளி இரவு ஃபுட்பால் ஆட்டம், மறுநாள் நடனம். டெக்சாஸில் பள்ளி ஃபுட்பால் விளையாட்டல்ல, மதம். பக்கத்து ஊரான ஆலனில் 18 ஆயிரம் பேர் உட்காரும் பள்ளி ஸ்டேடியத்தை 2012இல் 6 கோடி டாலர் செலவில் கட்டினார்கள். ஒன்றரை வருடத்தில் விரிசல் கண்டது. மூடிப் பழுது பார்த்துத் திரும்பத் திறந்தார்கள்.

ஹோம்கமிங் நாளில் டெக்சாஸ் பெண்கள் 'மம்' அணிகிறார்கள். க்ரிஸாந்திமம் என்பதன் சுருக்கம். ஒரு காலத்தில் பையன் பெண்ணுக்குத் தரும் ஒற்றைச் சாமந்திப் பூ. வருடாவருடம் வளர்ந்து, இப்போது தட்டு அளவு துணிப்பூ. அதிலிருந்து தரை வரை தொங்கும் பள்ளி நிற ரிப்பன்கள், பின்னிய ரிப்பன்கள், ஜிகினா எழுத்தில் பெயர், சின்னச் சின்ன மணிகள், கரடி பொம்மை, சீரியல் விளக்கு. கனம் தாங்காமல் சட்டையில் குத்த முடியாது, கழுத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். பையன்களுக்குக் கைப்பட்டையில் சின்னப் பதிப்பு. கடையில் செய்யச் சொன்னால் பல நூறு டாலர்கூட ஆகும். அதனால் தாய்மார்கள் கைவினைப் பொருள் கடையில் சாமான் வாங்கி வீட்டிலேயே செய்கிறார்கள். காதலன் இல்லாதவர்களுக்குத் தோழிகளே மாற்றி மாற்றிச் செய்து தருவது இப்போது சகஜம். நெருப்புக்கோழி இறகு வைத்தால் அலட்டல், இரண்டு மணிக்குக் குறைந்தால் கஞ்சத்தனம். பார்த்தவுடன் எனக்குக் கோயில் தேர்தான் ஞாபகம் வந்தது.

தோழியும் அவள் அம்மாவும் ஒரு ஞாயிறு மதியம் பசைத் துப்பாக்கியோடு வீட்டுக்கு வந்தார்கள். அக்கா சாய்வு நாற்காலியில். நான் ரிப்பன் பின்னினேன். நாலு கால் பின்னல், பாம்புப் பின்னல் எல்லாம் அந்த அம்மாவுக்குத் தெரியும். அங்கே அவற்றுக்கு ராணுவப் பின்னல், வைரப் பின்னல் என்று வேறு பெயர்கள். கை வேலையில் இருக்கும்போது பெண்கள் பேசுவது எல்லா ஊரிலும் ஒன்றுதான். முட்டு வலி, மாமியார், பிள்ளைகளின் மார்க். நடுவில் அந்த அம்மா குரலைத் தாழ்த்தி, மிகுந்த மரியாதையோடு அக்காவிடம் சொன்னார்: உங்கள் பெண் பொறுப்பானவள். கொஞ்ச நேரம் வேலைக்கு விடுங்கள். சொந்தக் காசு கையில் இருந்தால் பிள்ளைகளுக்குத் தன்னம்பிக்கை வரும். உங்கள் பண்பாடு எனக்குப் புரிகிறது, இருந்தாலும்...

ஜிகினா எழுத்தை ஒட்டிக்கொண்டிருந்த அக்கா மகளின் கை நின்றது. தலை நிமிரவில்லை.

அக்கா ஒரு விநாடி மகளைப் பார்த்தாள். பிறகு சிரித்தபடி ஆங்கிலத்தில், 'படிப்புதான் முதலில். அந்த விஷயத்தில் நான் ரொம்பப் பிடிவாதம்' என்றாள். அந்த அம்மா தோளைக் குலுக்கிக்கொண்டார். பேச்சு முட்டு வலிக்குத் திரும்பியது.

இரவு பாத்திரம் துடைக்கும்போது கேட்டேன். 'ஏன்க்கா, உண்மையைச் சொல்லியிருக்கலாமே? நல்ல பொம்பளையாத்தானே தெரியுது.' அக்கா நிதானமாகச் சொன்னாள்: 'கண்டிப்பான அம்மான்னா எல்லாருக்கும் புரியும்டி. எச்-4ன்னா யாருக்குப் புரியும்? இவளைப் பாவம்னு பார்ப்பாங்க. என்னைத் திட்டினா எனக்கு என்ன தேஞ்சா போயிடும்?'

இருவரும் இதைப் பற்றி ஒரு நாளும் பேசிக்கொண்டதில்லை. மகள் முதலில் ஒரு பொய் சொன்னாள், அம்மா அதைக் கேட்டுவிட்டு அந்த வேஷத்தை ஏற்றுக்கொண்டாள். மறுநாள் காலை இவள் தானாக வந்து அக்காவின் காலடியில் உட்கார்ந்து தலையை நீட்டினாள். வெள்ளிக்கிழமை அல்ல, திங்கள்கிழமை. அக்கா ஒன்றும் கேட்காமல் எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்தாள்.

அங்கே பெண்கள் ஓட்டுநர் உரிமத்தைத் தெளிந்த கைபேசி உறைக்குள் செருகி வைத்துக்கொள்கிறார்கள். கார் ஓட்டுகிறேன் என்பதற்கு அதுதான் நகை. இவளுடைய உறையில் அட்டை திருப்பி வைத்திருந்ததை முதல் வாரமே கவனித்தேன். புகைப்படம் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். பிறகு ஒரு நாள் அவளே உருவிக் காட்டினாள். விசாவில் இருப்பவர்களுக்கு டெக்சாஸ் தரும் உரிமத்தில் முன்பக்கமே 'லிமிடெட் டெர்ம்' என்று அச்சடித்திருக்கிறது. வரையறுத்த காலத்துக்கு மட்டும். 'இதை எப்படி ட்ரான்ஸ்லேட் பண்ணுவீங்க, சித்தி?' என்று கேட்டாள். வேறு பேச்சுக்குப் போனோம்.

'ஹோம்கமிங்' என்பதையும் என்னால் தமிழாக்க முடியவில்லை. ஊர் திரும்புதல் என்று எழுதினால் அந்த வீட்டில் வேறு அர்த்தம் வந்துவிடும்.

அந்த வெள்ளி இரவு ஸ்டேடியத்துக்கு நானும் போனேன். மைதானத்துக்கு வெளியே கைப்பையைத் திறந்து காட்டச் சொன்னார்கள். உள்ளே நூற்றுக்கணக்கான பெண்கள் நடக்க நடக்க அத்தனை மணிகளும் குலுங்கின. ஆட்டம் எனக்குப் புரியவில்லை. இவளுக்கும் புரியாது என்பது இரண்டாவது கால்பகுதியில் தெரிந்தது. அவளும் தோழியும் வேலியோரம் போட்டோ எடுத்துக்கொண்டே இருந்தார்கள். ரிப்பன் நடுவில் பளிச்சென்று '2026'. பள்ளியை முடிக்கும் வருடம். அங்கே எல்லோரும் அந்த எண்ணைத்தான் அணிகிறார்கள். பன்னிரண்டாம் வகுப்புக்காரிகளின் சாமந்தி மட்டும் வெள்ளையும் வெள்ளியுமாகத் தனித்துத் தெரிந்தது. 'அடுத்த வருஷம் நானும்' என்றாள்.

ஆட்டம் முடிந்தபின் பூவைக் கழற்றிப் பெட்டியில் வைப்பதில்லை. படுக்கையறைச் சுவரில் ஆணி அடித்து மாட்டுகிறார்கள். நான் ஊர் திரும்பும் வரை இரவில் ஏ.சி. காற்று பட்டு அந்த மணிகள் லேசாகச் சத்தமிடும்.

2025 ஆகஸ்டில் அக்காவிடமிருந்து போன் வந்தது. உடம்பு தேவலை. அந்த வருடம் முதல் டெக்சாஸ் அரசுப் பள்ளிகளில் பள்ளி நேரம் முழுவதும் கைபேசிக்குத் தடை என்று சட்டம் வந்திருக்கிறது, பெண் சிடுசிடுவென்று இருக்கிறாள் என்றாள். கிரீன் கார்டைப் பற்றி நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. டெல்லி கினாரி பஜாரில் வெள்ளி நிற கோட்டாப் பட்டி இருபது மீட்டர் வாங்கி கூரியரில் அனுப்ப முடியுமா என்று கேட்டாள். அங்கே கிடைப்பதெல்லாம் பிளாஸ்டிக் மாதிரி இருக்கிறதாம். இந்த முறை தோழிக்கும் சேர்த்து இரண்டு மம் செய்யப் போகிறார்கள்.

மறுநாளே சாந்தினி சௌக் போனேன். கடைக்காரரிடம் இரண்டு விரல் அகலத்தில் ஒன்றும் ஒரு விரல் அகலத்தில் ஒன்றும் அளந்து வாங்கினேன். கல்யாணமா என்றார். பள்ளிக்கூடத்துக்கு என்றேன். சுண்டைக்காய் அளவு வெள்ளி மணிகளும் இருந்தன, ஐம்பது எடுத்துக்கொண்டேன். ஜிகினா எழுத்துகூட அங்கே வெட்டித் தருகிறார்கள். '2026' என்று செய்யச் சொல்லட்டுமா என்று வாட்ஸ்அப்பில் கேட்டதற்கு அக்கா மகளிடமிருந்து உடனே பதில்: 'நோ சித்தி, ஃபான்ட் வேற. அதை நான் இங்கேயே வாங்கிக்கறேன்.'